பாட்டின் வயது

1988இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து ஒரு பத்து அங்குல இசைத்தட்டு வெளியாயிற்று. அதன் தலைப்பைத் தமிழில் 'ஆங்கிலக் கலகப் பாடல்கள் 1381–1914' என்று சொல்லலாம். பாடியவர்கள் சம்பவம்பா என்ற குழுவினர். இப்பெயர் நம் காதில் 'சம்பவம்' என்றும் 'பா' என்றும் பிரிந்து விழுவது ஒரு தற்செயல்தான். அவர்கள் மொழியில் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு விளக்கம் சொல்லி வந்தார்கள். ஆனால் சரித்திரத்தில் நடந்து மறக்கப்பட்ட சம்பவங்களைத் தேடியெடுத்துப் பாட்டாக்குவதையே முப்பது வருஷம் செய்துவந்த ஒரு குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழன் யோசித்தாலும் வைத்திருக்க முடியாது.

நான் எழுத வந்தது அத்தட்டின் தலைப்பிலுள்ள முதல் நாலு இலக்கங்களைப் பற்றி. 1381 என்பது பொய். அந்த வருஷத்துக் கலகக்காரர்கள் பாடியதாக நிரூபிக்கக்கூடிய பாட்டு எதுவும் அத்தட்டில் இல்லை. இப்பொய்யை முதலில் யார் சொன்னார்கள், அதில் யாருக்கு என்ன லாபம், நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யைச் சரித்திரம் மன்னிக்க வேண்டுமா என்ற கேள்விகள் ஒரு இசைத்தட்டோடு முடிந்துபோகிறவை அல்ல.

குழுவைப் பற்றிக் கொஞ்சம். 1982இல் சேர்ந்தவர்கள். லீட்ஸின் ஆர்ம்லி பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் புகுந்து கூட்டாகக் குடியிருந்தார்கள். அராஜகவாதிகள், அதாவது அரசு என்ற ஸ்தாபனமே வேண்டாம் என்பவர்கள். சம்பாத்தியத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தட்டு வெளியிடத் தாங்களே ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டார்கள். 1984–85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அதற்கு ஆதரவாகப் பாடினார்கள். அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டு, மின்கிதாரின் இரைச்சலும் கூச்சலுமாக, வார்த்தை வார்த்தையாகக் கடித்துத் துப்புகிற வகை. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் வெறுங்குரலில், மாதாகோயில் பாடகர்களைப்போலப் பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடிய தட்டு இது. வேலைநிறுத்தம் தோற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. தோற்றவர்கள் முன்னோரைத் தேடுவது இயல்பு. 1381 என்ற இலக்கம் அந்தத் தேடலில் அகப்பட்டது.

தட்டின் முதல் பாட்டு 'கட்டி ரென்'. ரென் என்பது கைக்குள் அடங்கிவிடும் ஒரு குருவி. அதை வேட்டையாடப் போகிறவர்களின் கேள்வி பதிலாக அமைந்தது பாட்டு. எங்கே போகிறோம், எதனால் கொல்வோம், எதில் ஏற்றி வருவோம், எதில் சமைப்போம், மிஞ்சியதை யாருக்குக் கொடுப்போம் என்று போகும். அற்பக் குருவிக்குப் பீரங்கியும் பெரிய வண்டியும் அண்டாவும் வேண்டியிருக்கிறது. மிச்சம் ஏழைகளுக்கு. அயர்லாந்திலும் வேல்ஸிலும் மான் தீவிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இக்குருவியை வேட்டையாடி வீடுவீடாகக் கொண்டுபோகும் சடங்கு இருந்தது. குருவிக்குப் பறவைகளின் ராஜா என்று பட்டமும் உண்டு. ராஜா என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. குருவி என்பது நிலப்பிரபு, வேட்டை என்பது 1381இன் குடியானவர் கிளர்ச்சி என்று 1944இல் ஏ. எல். லாயிட் எழுதினார்.

லாயிட் சாதாரண ஆளல்ல. கம்யூனிஸ்ட், திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை செய்தவர், இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டுப்பாடலுக்குப் புத்துயிர் கொடுத்த இரண்டு மூன்று பேரில் ஒருவர். தொழிலாளர் இசைச் சங்கம் வெளியிட்ட 'பாடும் ஆங்கிலேயன்' என்ற அவரது சிறு நூலில்தான் இந்த ஊகம் வருகிறது. ஊகத்துக்கு ஆதாரம் கிடையாது. இப்பாட்டுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முந்திய அச்சுச் சான்று இல்லை. 1776இல் டேவிட் ஹெர்ட் தொகுத்த ஸ்காட்லாந்துப் பாடல் நூலில் ஒரு வடிவம் இருக்கிறது. 1381க்கும் 1776க்கும் இடையில் நாலு நூற்றாண்டு மௌனம். அந்த மௌனத்தின்மேல் ஒரே வாக்கியத்தில் பாலம் போட்டுவிட்டார் லாயிட்.

பாலம் நின்றது, அதன்மேல் போக்குவரத்தும் நடந்தது. 1962இல் ஆர்னல்ட் வெஸ்கரின் 'சிப்ஸ் வித் எவ்ரிதிங்' நாடகத்தில், விமானப்படையில் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் பாட வேண்டியிருக்கிறது. ஏதாவது மலிவான சினிமாக் கூத்து அடிப்பார்கள் என்று அதிகாரி எதிர்பார்க்கிறான். அவர்கள் 'கட்டி ரென்' பாடுகிறார்கள். முதலில் மெதுவாக, போகப்போக மிரட்டலாக. பாட்டுக்கு அறுநூறு வருஷக் கோபம் இருக்கிறது என்று நம்பிப் பார்த்தால் அந்தக் காட்சிக்கு ஒரு வலு. நம்பாமல் பார்த்தால் வேறொரு வலு. இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பாட்டு பழையதாக இருப்பதால் மிரட்டுவதில்லை. பாடுகிறவன் நிமிர்ந்து நிற்பதால் மிரட்டுகிறது.

இனி, 1381இல் நிஜமாக என்ன எஞ்சியது என்று பார்க்கலாம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் பன்னிரண்டு பென்ஸ் என்று விதித்த வரியிலிருந்து வெடித்தது அக்கிளர்ச்சி. ஜூன் மாதத்தில் லண்டன் நகருக்குள் புகுந்தார்கள். ஜூன் 15ந் தேதி ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் கொல்லப்பட்டான். ஒரு மாதம் கழித்து செயின்ட் ஆல்பன்ஸில், பாதிரியான ஜான் பால் தூக்கிலிடப்பட்டு வெட்டப்பட்டார். கலகக்காரர்களின் சொந்தக் குரலாக நமக்குக் கிடைப்பவை சில சின்னக் கடிதங்கள். பாதி வசனம், பாதி எதுகை; புதிர் போன்றவை. அவற்றைப் பாதுகாத்தவர்கள் யார்? கலகத்தை அடியோடு வெறுத்த மடத்துத் துறவிகள். ஒரு கடிதம், தூக்கிலிடப்பட இருந்த ஒருவனின் உடையில் அகப்பட்டது என்று வால்சிங்ஹாம் தன் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிவைத்தார். மற்றவற்றை நைட்டன் எழுதிவைத்தார். பகைவனின் ஏட்டில், குற்றத்துக்குச் சாட்சியாக, அந்தக் குரல் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த வருஷம் குடியானவர்கள் எங்கே போனாலும் செய்த முதல் காரியம் பத்திரங்களைக் கொளுத்துவது. யார் யாருக்கு அடிமை, யார் எத்தனை நாள் வெட்டிவேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்த பண்ணைச் சுவடிகளைத் தீயில் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைச் சந்தையில் கொளுத்தியபோது ஒரு கிழவி சாம்பலை வாரிக் காற்றில் தூற்றி, படித்தவர்களின் கல்வி ஒழியட்டும் என்று கத்தினாள் என்கிறது ஒரு குறிப்பு. எழுத்து தங்கள்மேல் போட்ட பூட்டு என்று அறிந்திருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்த்தான் பின்வந்த அறிஞன் எழுத்துச் சான்று கேட்கிறான். கிடைக்காதபோது தானே ஒன்றைத் தயாரித்தும் கொடுக்கிறான்.

தட்டின் அடுத்த சில பாடல்களுக்கு நிஜமான பிறப்புச் சான்று உண்டு. அவையும் பகைவனின் அலமாரியிலிருந்தே வருகின்றன என்பது இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் விநோதம். 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் தோழர்களும் சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்றின்மேல் தரிசு நிலத்தைக் கொத்தி காரட்டும் அவரையும் விதைத்தார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்பது அவர்கள் வாதம். தோண்டுகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஒரு வருஷத்துக்குள் அடித்து விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய பாட்டு வில்லியம் கிளார்க்கின் காகிதங்களுக்குள் இருந்தது. கிளார்க் ராணுவச் செயலர். குடியரசுக்கும் எழுதினார், மன்னராட்சி திரும்பிய பிறகு மன்னருக்கும் எழுதி 'சர்' பட்டம் வாங்கினார். 1666இல் டச்சுக்காரர்களுடன் நடந்த கடற்போரில் இறந்தார். காகிதங்கள் மகன்மூலம் ஆக்ஸ்ஃபோர்டின் உஸ்டர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1890களில் ஃபர்த் அவற்றைப் பதிப்பிக்கும்வரை அப்பாட்டைப் பாட ஆளில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரு பாட்டு வாயில்லாமல் பெட்டியில் கிடந்திருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் குன்று இன்று வாயிற்காவலர்கள் நிற்கும் கோடீசுவரர் குடியிருப்பு; கோல்ஃப் மைதானமும் உண்டு.

லட்டைட்டுகள் கதையும் இதுவே. 1811–12இல் நாட்டிங்ஹாம் பிரதேசத்துக் காலுறை நெசவாளிகள் ராத்திரியில் சட்டங்களை உடைத்தார்கள். இயந்திரத்தின்மேல் மூடத்தனமான வெறுப்பு என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும். அவர்கள் எல்லாச் சட்டங்களையும் உடைக்கவில்லை. அகலச் சட்டத்தில் நெய்து வெட்டித் தைத்த மட்டச் சரக்கால் கூலியைக் குறைத்த முதலாளிகளின் சட்டங்களைப் பார்த்து உடைத்தார்கள். 'ஜெனரல் லட்டின் வெற்றி' என்ற பாட்டு இந்தப் பாகுபாட்டைத் தெளிவாகவே வைக்கிறது. நமக்கு அது கிடைப்பது உள்துறை அமைச்சகத்தின் கோப்பில். துப்பறிவோர் அனுப்பிய காகிதங்களோடு காகிதமாக மடித்து வைத்திருந்தது. 1812இல் சட்டம் உடைப்பதற்கு மரண தண்டனை கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துத்தான் பிரபுக்கள் சபையில் பைரன் தன் முதல் பேச்சைப் பேசினார். 1963இல் ஈ. பி. தாம்ப்ஸன் தன் பெரிய புத்தகத்தில் இப்பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். தாம்ப்ஸன் அப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். அதே ஊரிலிருந்து இருபத்தைந்து வருஷம் கழித்து இத்தட்டு வந்தது வெறும் பூகோள ஒற்றுமை என்று நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு நானே ஒரு இடைஞ்சலைச் சொல்லிவிட வேண்டும். ஜெனரல் லட் என்று ஒருவன் இல்லை. ஷெர்வுட் காட்டிலிருந்து அவன் கையெழுத்தோடு வந்த மிரட்டல் கடிதங்கள் எல்லாம் கற்பனையான ஒரு தளபதியின் பெயரில் வந்தவை. வின்ஸ்டன்லியும் அப்படித்தான். 1066இல் நார்மன்கள் வந்து ஆங்கிலேயரின் நிலத்தைப் பிடுங்கினார்கள், அதற்குமுன் எல்லோரும் சுதந்திரர் என்பது அவர்கள் நம்பிய சரித்திரம். அதுவும் சரித்திரமல்ல, புராணம். ஆக, கலகக்காரர்களே பொய்யான பழமையை உண்டாக்கியிருக்கும்போது, லாயிட் ஒரு குருவிக்கு நானூறு வருஷம் கூட்டிச் சொன்னதில் என்ன குற்றம்?

குற்றம் இருக்கிறது. லட் என்ற பெயர் கழுத்தைக் காப்பாற்றும் முகமூடி. பிடிபட்டால் தூக்கு என்னும்போது இல்லாத ஒருவன் பெயரில் கையெழுத்துப் போடுவது தந்திரம். எழுதியவனுக்கு அது பொய் என்று தெரியும், கூட்டாளிக்கும் தெரியும். நார்மன் நுகத்தடிக் கதையை வின்ஸ்டன்லி நம்பினார், நம்பியதற்காக அடிபட்டார். லாயிட் எழுதியது நூல். நூலை வாங்குகிறவன் ஆசிரியரை நம்பி வாங்குகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் சான்றில் கைவைப்பது தொழிலாளிக்குச் செய்த உபகாரம் ஆகாது. அவனுக்கு நிஜம் தாங்காது என்று தீர்மானித்துவிட்ட காரியம் அது. இதே லாயிட் 1952இல் சுரங்கப் பாடல்களைத் தொகுத்தபோது, கம்பர்லாந்து வட்டாரக் கவிஞர் ராபர்ட் ஆண்டர்சனின் ஒரு கவிதை, உழவன் சுரங்கத் தொழிலாளியாக வேஷம் மாறி, வாய்மொழிப் பாட்டாக உள்ளே நுழைந்தது. பாட்டு அற்புதமாக இருக்கிறது. ஆண்டர்சன் பெயர் போய்விட்டது. எழுதியவனை அழித்தால்தான் 'மக்கள்' பாடியதாக ஆகும் என்பது நாட்டுப்பாடல் இயக்கத்தின் பழைய நோய். 1985இல் டேவ் ஹார்க்கர் இவ்வியாபாரத்தை ஒரு நூல் முழுக்க, சில இடங்களில் அளவுக்குமேல் கடுமையாகவே, அம்பலப்படுத்தினார். அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்த தட்டின் மேலுறையிலும் 1381 இருந்தது.

'பாவர்ட்டி நாக்' இந்த நோயின் விசித்திரமான ஓர் உதாரணம். தறி ஓடும் சத்தத்தையே வறுமை கதவைத் தட்டும் சத்தமாகக் கேட்கும் நெசவாலைப் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியினது என்று பல தொகுப்புகளில் போட்டிருக்கும். அது சேகரிக்கப்பட்டது 1965இல். லீட்ஸுக்குப் பக்கத்தில் பாட்லி என்ற ஆலை ஊரில், ஒரு முதிய நெசவாளியிடமிருந்து. நினைவிலிருந்த துண்டுதுணுக்குகளை வைத்து அவரே பெரும்பகுதியை இட்டுக்கட்டியிருக்க வேண்டும் என்ற கருத்து பின்னால் வலுப்பட்டது. இதைக் கேட்டதும் சிலர் பாட்டின்மேல் நம்பிக்கை இழந்தார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வாழ்நாளெல்லாம் தறிச்சத்தத்தைக் காதில் வாங்கிய ஒருவர் முதுமையில் அதற்குச் சொல் கொடுத்திருக்கிறார் என்றால் அது கவிதை. நூற்றாண்டுப் பழமை என்ற அலங்காரம் அவருக்கு எதற்கு? நஷ்டப்பட்டது அவர்தான். பாட்டு பழையதாக மதிக்கப்பட்ட அளவுக்கு அவர் கவிஞராக மதிக்கப்படாமல் போனார்.

தட்டில் சிறு சிறு விநோதங்கள் இன்னும் உண்டு. 'ஆங்கில'க் கலகப் பாடல்களில் ஒன்று 1867 செப்டம்பரில் மான்செஸ்டரில் கைதி வண்டியை உடைத்து ஐரிஷ் ஃபீனியர்களை விடுவித்ததைப் பற்றியது. மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த மூவரிடம் போய் உங்கள் பாட்டு ஆங்கிலப் பாட்டு என்று சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கடைசியில் வரும் முதல் யுத்தச் சிப்பாய்ப் பாட்டு எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுகிறது. ஒவ்வொரு பதவிக்காரனும் எங்கே என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவனும் பத்திரமான இடத்தில் இருப்பதைச் சொல்லி, கடைசியில் சிப்பாய்கள் முள்கம்பியில் தொங்குவதைக் காட்டும் பாட்டு. இதைச் சிப்பாய்கள் பாடுவது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. குழு அதைத் தாலாட்டுபோலப் பாடியிருக்கிறது. கோபத்தைக் கோபமாகப் பாடாமல் விட்டதில் அவர்கள் வளர்ச்சி தெரிகிறது.

2003இல் இதே பாடல்களைப் புதிதாகப் பாடி மறுபடி வெளியிட்டார்கள். தலைப்பில் முதல் இலக்கம் மாறவில்லை. கடைசி இலக்கம் 1984 ஆயிற்று. சேர்ந்தது, வேலைநிறுத்தக் காலத்தில் கென்ட் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி கே சட்கிளிஃப் எழுதிய பாட்டு. எழுதியவர் பெயர் தெரியும், ஊர் தெரியும், எதற்காக எழுதினார் என்பதும் தெரியும். அரையிருட்டில் ஆரம்பித்த தட்டு வெளிச்சத்தில் வந்து முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் முதல் இலக்கத்தைத் தொடாமல் விட்டது அறியாமை என்று இப்போது சொல்ல முடியாது.

இடைப்பட்ட காலத்தில் அவர்களே சரித்திரமாகியிருந்தார்கள். 1989இல் இ.எம்.ஐ. கம்பெனியை வசைபாடும் ஒரு தொகுப்புத் தட்டில் பாடியவர்கள், 1997இல் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 'டப்தம்பிங்' என்ற பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. உலகமெங்கும் மதுக்கடைகளில் பாடினார்கள். பழைய நண்பர்கள் துரோகம் என்றார்கள். 1998 பிப்ரவரியில் ஒரு பரிசளிப்பு விழாவில், குழுவில் ஒருவர் துணைப் பிரதமர் ஜான் பிரஸ்காட்டின்மேல் பனிக்கட்டி நீரைக் கொட்டினார். இரண்டு வருஷத்துக்கு மேல் போராடிக் கைவிடப்பட்ட லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களுக்காக என்றார்கள். பிரஸ்காட் ஒரு காலத்தில் கப்பல் பணியாளர், மாலுமிகள் சங்கத்துக்காரர். ஒரு மோட்டார் கம்பெனி விளம்பரத்துக்கு அவர்கள் பாட்டை வாங்கியபோது, பணத்தைக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் புத்திசாலித்தனம் என்பதா பாவநிவர்த்தி என்பதா என்று நான் தீர்மானிக்கவில்லை.

பிற்காலப் பாடல்களில் பழமை வேட்டை குறைந்தது, சம்பவம் கூடியது. மேஜைக்கால் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு 1999இல் லண்டன் தெருவில் நடந்து போன ஹாரி ஸ்டான்லியைத் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று போலீஸார் சுட்டுக் கொன்றதைப் பாடினார்கள். 1915இல் மெக்ஸிகோப் புரட்சியில் சுடும் படையின் முன் நிறுத்தப்பட்டு, கடைசியில் தலையிலும் சுடப்பட்டு, சாகாமல் தவழ்ந்து தப்பிய வென்ஸெஸ்லாவோ மொகெலைப் பற்றி 2008இல் பாடினார்கள். முகம் சிதைந்த அந்த மனிதர் 1937இல் அமெரிக்க வானொலியில் அதிசயப் பொருளாகக் காட்டப்பட்டவர். வேடிக்கைத் துணுக்காக இருந்தவரைப் பாட்டு மனிதராகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ராஜாக்குருவிக்கு அறுநூறு வருஷம் வேண்டியிருந்தது. மொகெலுக்கு ஒரு தேதி போதும். அது உண்மையான தேதி.

2012இல் குழு கலைந்தது. ஒரே ஒரு தட்டு பாக்கி இருந்தது. மார்கரெட் தாட்சருக்கு அஞ்சலி என்ற தலைப்பில் 2005லேயே அதற்குப் பணம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் இறக்கும் அன்று அனுப்பிவைப்பதாக வாக்கு. 2013 ஏப்ரல் 8ந் தேதி தாட்சர் இறந்தார். பணம் கட்டியிருந்தவர்களின் வீடுகளுக்குத் தட்டு தபாலில் போய்ச் சேர்ந்தது.